பெட்டியை மூடும் முன்: வெளிநாட்டு கோச் பயணத்தின் கடைசி நாள்

வாசகர் கேள்வி – எங்கள் பதில்

ஐரோப்பாவுக்கும் மலேசியா–சிங்கப்பூருக்கும் குழுவாகக் கிளம்புகிற டெல்டா வாசகர்கள் இம்முறை கேட்டிருப்பவை பெரும்பாலும் திரும்பி வருகிற நாளைப் பற்றித்தான். போகும்போது எல்லாவற்றையும் ஏற்பாட்டாளர் பார்த்துக்கொள்வார். திரும்பும் நாளில் பெட்டி, பில், பாஸ்போர்ட், சில்லறை என்று எல்லாம் அவரவர் தலையில் வந்து விடிகிறது.

ரோமிலிருந்து இரவு 9.30க்கு விமானம். ஏற்பாட்டாளர் மாலை 4 மணிக்கே கோச்சில் ஏறச் சொல்கிறார். ஊர்க்காரர்கள் 36 பேர் போகிறோம். அந்த நேரத்தில் இன்னும் ஓர் இடம் பார்த்துவிட முடியாதா? — வாசகர், கும்பகோணம்

முடியாது. கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பாருங்கள். பன்னாட்டு விமானத்துக்குக் கவுன்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடுவார்கள், அதாவது 8.30. ஒரு பயணிக்குப் பெட்டி எடை போட்டு, பட்டை ஒட்டி, போர்டிங் பாஸ் தர இரண்டரை நிமிடம் என்று வையுங்கள். 36 பேருக்கு ஒரே கவுன்டரில் 90 நிமிடம். உங்கள் குழுவுக்கு முன்னால் இன்னொரு குழு நின்றால் அதுவே இரண்டு மடங்கு. அதற்கும் முன்னால், கடையில் கட்டிய வரித் தொகையைத் திரும்பப் பெறுகிறவர்கள் சுங்கத்தில் நிற்க வேண்டும். ஆகவே 5.30க்கு விமான நிலையத்தில் இருந்தாக வேண்டும். ஃபியூமிசினோ விமான நிலையம் ரோம் நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். காலியான சாலையில் முக்கால் மணி நேரம், மாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம். 4 மணி என்பது சரியான நேரம்தான்.

இன்னொரு காரணம் ஓட்டுநர். நம் ஊரில் வேன் அமர்த்தினால் விடிய விடிய ஓட்டச் சொல்லலாம். ஐரோப்பாவில் அது நடக்காது. 561/2006 என்ற ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். இரண்டு வேலை நாளுக்கு நடுவில் 11 மணி நேர ஓய்வு; வாரத்தில் சில நாள் அதை 9 மணி வரை குறைக்கலாம். வண்டியில் இருக்கும் டேக்கோகிராஃப் கருவி நிமிடக் கணக்கில் எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். ஓட்டுநர் உங்கள் பெட்டிகளை ஏற்றி இறக்கும் நேரம் வேலை நேரம்தான், இடைவேளையில் சேராது. பல குழுக்களுக்கு இது தெரிவதில்லை.

முதல் நாள் இரவு ஃபிளாரன்ஸில் தங்கியிருந்தால் ரோமுக்குச் சுமார் 280 கிலோமீட்டர். கோச்சுகளில் 100 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. வழியில் ஒரு நிறுத்தம் சேர்த்து நாலு, நாலரை மணி நேரம் ஆகும். காலை 7.30க்குக் கிளம்பினால் ரோமில் உங்களுக்குக் கிடைப்பது 12லிருந்து 4 வரை. அதில் சாப்பாடும் போக வேண்டும். ட்ரெவி நீரூற்றில் காசு போட்டே ஆக வேண்டும் என்றால் காலையில் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திருங்கள். மாலையில் நேரத்தைப் பிடுங்கப் பார்க்காதீர்கள்.

பாரிஸில் 180 யூரோவுக்குத் தோல் பை வாங்கலாம் என்றிருக்கிறோம். வரியைத் திருப்பித் தருவார்களாமே? எங்கள் பயணம் பாரிஸில் தொடங்கி சுவிட்சர்லாந்தில் முடிகிறது. விமானம் சூரிக்கிலிருந்து. — வாசகி, மயிலாடுதுறை

உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் சிக்கல் இருக்கிறது. தங்களுக்குள் எல்லையில் விசா பார்க்காத நாடுகளின் கூட்டான ஷெங்கன் என்பது வேறு, ஐரோப்பிய ஒன்றியம் என்பது வேறு. சுவிட்சர்லாந்து ஷெங்கனுக்குள் இருக்கிறது. அதனால் எல்லையில் விசா பார்ப்பதில்லை, கோச் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. சரக்குக்கும் வரிக்கும் அங்கே எல்லை உண்டு. பிரான்ஸில் வாங்கிய பொருள் ஒன்றியத்தை விட்டு வெளியேறுகிறது என்று சான்று பெற வேண்டிய இடம், பிரான்ஸிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ சுவிட்சர்லாந்துக்குள் நுழையும் சாலைச் சாவடி. சூரிக் விமான நிலையத்தில் போய் பிரெஞ்சு படிவத்தை நீட்டினால் கையை விரிப்பார்கள்.

என்ன செய்ய வேண்டும்? கடையில் பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி வரியில்லாப் படிவம் கேளுங்கள். பிறகு கேட்டால் தர மாட்டார்கள். பிரான்ஸில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். ஜெர்மனியில் 50 யூரோவுக்கு மேல். இத்தாலியில் 2024 பிப்ரவரி முதல் 70 யூரோவுக்கு மேல். எல்லை கடக்கும் நாளுக்கு முந்தின இரவே டூர் மேனேஜரிடம் "சுங்கச் சாவடியில் பத்து நிமிடம் நிறுத்த வேண்டும், எங்கள் குழுவில் இத்தனை படிவம் இருக்கிறது" என்று சொல்லி வையுங்கள். பெரிய சாவடிகளில்தான் ஆள் இருப்பார்கள். சின்ன சாவடியில் ஞாயிற்றுக்கிழமை போனால் பூட்டிய கதவுதான். பையை டிக்கியின் அடியில் போட்டுவிடாதீர்கள், எடுத்துக் காட்டச் சொல்லலாம். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கவும் கூடாது. பயன்படுத்தாத பொருளுக்குத்தான் சலுகை.

பிரான்ஸில் வரி 20 சதவீதம் என்றதும் 180 யூரோவில் 36 திரும்பி வரும் என்று கணக்குப் போடாதீர்கள். விலைக்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது. 180 யூரோவில் வரி 30 யூரோ. அதிலும் பணம் திருப்பித் தரும் நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். ரொக்கமாகக் கேட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். அட்டையில் வாங்கிக்கொள்வது மேல்.

இதே பயணம் பாரிஸில் தொடங்கி ரோமில் முடிந்தால் பாடு குறைவு. எல்லாப் படிவத்துக்கும் ரோம் விமான நிலையச் சுங்கத்திலேயே சான்று பெறலாம். அங்கும் முறை தப்பக் கூடாது: முதலில் சுங்கம், பிறகு பெட்டியை ஒப்படைப்பது. பெட்டி பெல்ட்டில் உருண்டு உள்ளே போன பிறகு காட்டுவதற்குப் பொருள் இருக்காது. லண்டனையும் சேர்த்துப் போகிறவர்களுக்கு ஒரு சேதி: 2021 ஜனவரி முதல் அங்கே சுற்றுலாப் பயணி கையோடு கொண்டுவரும் பொருளுக்கு இந்தச் சலுகையே கிடையாது.

சிங்கப்பூரிலும் இப்படி உண்டா? — வாசகர், மன்னார்குடி

உண்டு, ஆனால் விமானம் ஏறுகிறவர்களுக்குத்தான். அங்கே ஜிஎஸ்டி 2024 முதல் 9 சதவீதம். ஒரே கடையில் 100 சிங்கப்பூர் டாலருக்கு வாங்கியிருக்க வேண்டும். அதே கடையின் அதே நாள் ரசீதுகள் மூன்று வரை சேர்த்துக்கொள்ளலாம். வாங்கிய இரண்டு மாதத்துக்குள் சாங்கி விமான நிலையம் வழியாகப் பொருளை வெளியே கொண்டுபோக வேண்டும். கோச்சில் ஏறி ஜோகூர் வழியாக மலேசியா போய் அங்கிருந்து விமானம் பிடித்தால் ஒரு காசு வராது. மலேசியாவிலோ 2018ல் ஜிஎஸ்டியை எடுத்தபோதே சுற்றுலாப் பயணிக்கான வரித் திருப்பமும் போய்விட்டது.

திருச்சியிலிருந்து போகிற குழுக்கள் கோலாலம்பூரில் இறங்கி, கோச்சில் சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து திருச்சி திரும்புகிற பயணத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்த வகையில் லாபம். தலைகீழாகப் போகிறவர்கள் பெரிய சாமான் வாங்கும் முன் யோசியுங்கள். பெட்டிக்குள் போகும் பொருளுக்கு, கவுன்டருக்குப் போகும் முன்பே பொதுக்கூடத்தில் உள்ள இயந்திரத்தில் பாஸ்போர்ட்டை வைத்துப் பதிய வேண்டும். கைப்பையில் இருப்பதற்கு, குடிநுழைவு தாண்டிய பிறகு உள்ளே உள்ள இயந்திரம்.

எங்கள் அத்தை, பெரியப்பா இருவருக்கும் வெற்றிலை பாக்கு இல்லாமல் முடியாது. கடைசி நாள் கோலாலம்பூரிலிருந்து கோச்சில் சிங்கப்பூர் வந்து அன்றிரவே விமானம். வெற்றிலைப் பெட்டியில் என்னென்ன இருக்கலாம்? — வாசகர், திருவையாறு

புகையிலை இருக்கவே கூடாது. மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்குள் கொண்டுவரத் தடை செய்யப்பட்ட பொருள். ஒரு பொட்டலம் என்றாலும் தடை தடைதான். பன்னீர்ப் புகையிலை, வாசனை போட்ட பாக்குப் பொட்டலம் எல்லாவற்றையும் பிரித்துப் பாருங்கள், கலந்திருந்தால் மலேசியாவிலேயே குப்பையில் போட்டுவிடுங்கள். பாக்குவெட்டி விமானத்தில் கைப்பையில் போகாது, பெட்டிக்குள் வையுங்கள். சுண்ணாம்பு டப்பாவும் பெட்டிக்குள்ளேயே போகட்டும், குழைவாக இருப்பதால் அதைத் திரவக் கணக்கில்தான் எடுத்துக்கொள்வார்கள். சூயிங்கம்மும் சிங்கப்பூருக்குள் கொண்டுவரக் கூடாது.

வெற்றிலையைவிட ஆபத்தானது சமையல் மூட்டை. வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் கசகசாவைப் போதைப்பொருள் வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து துபாய், தோஹா வழியாகத் திரும்புகிறவர்களும் மீந்த பொடியை மூட்டை கட்டக் கூடாது.

எல்லையில் நடப்பதையும் பெரியவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். மலேசியப் பக்கத்தில் பாஸ்போர்ட்டோடு இறங்கி முத்திரை வாங்கி ஏற வேண்டும். பாலத்தைத் தாண்டியதும் சிங்கப்பூர் பக்கத்தில் மறுபடி இறங்க வேண்டும். இந்த முறை டிக்கியில் உள்ள பெட்டி உள்பட எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு எக்ஸ்ரேக்குப் போக வேண்டும். சிங்கப்பூர் பக்கச் சாவடியான உட்லண்ட்ஸில் ஒரே மாதிரி கோச்சுகள் வரிசையாக நிற்கும். இறங்கும் முன் கோச் எண் பலகையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் கூட்டம் கழுத்தை நெரிக்கும். அந்த நாட்களில் எல்லை கடந்த அன்றே விமானம் என்று ஏற்பாட்டாளர் திட்டம் போட்டிருந்தால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை வருவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளங்களில் சிக்காதீர்கள்.

நாங்கள் குடும்பமாக மூன்று பேர். டிக்கெட்டில் ஆளுக்கு 20 கிலோ. ஒரு பெட்டியில் 35, இன்னொன்றில் 25 என்று போட்டால் ஒப்புக்கொள்வார்களா? — வாசகி, தஞ்சாவூர்

ஒரே முன்பதிவில் உள்ளவர்களுக்கு மொத்த எடையைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் பல விமான நிறுவனங்களில் உண்டு. ஆனால் தனியொரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் எங்கும் எடுக்க மாட்டார்கள். அது தூக்குகிற தொழிலாளியின் முதுகுக்காக வைத்த வரம்பு. பணம் கட்டினாலும் நகராது. உங்கள் 35 கிலோ பெட்டியைக் கவுன்டர் முன்னாலேயே பிரிக்க வேண்டி வரும்.

500 ரூபாய் அளவில் கிடைக்கும் தொங்கு தராசு ஒன்றை இங்கிருந்தே கொண்டுபோங்கள், குழுவுக்கு இரண்டு போதும். கடைசிக்கு முந்தின இரவு, எல்லாக் கடைக்கும் போய்வந்த பிறகு, எடை பாருங்கள். டிக்கெட் அளவுக்கு ஒரு கிலோ கீழே நிறுத்துங்கள், தராசுக்குத் தராசு அவ்வளவு வித்தியாசம் வரும். பெரிய கடினப் பெட்டி காலியாகவே 4, 5 கிலோ இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். குறைந்த கட்டண விமானமாக இருந்தால், கூடுதல் எடையை முன்கூட்டி இணையத்தில் வாங்குவதற்கும் கவுன்டரில் கட்டுவதற்கும் நடுவில் பெரிய வித்தியாசம் உண்டு. கைப்பையையும் எடை போடுவார்கள். சில நிறுவனங்களில் 7 கிலோ, சிலவற்றில் 10.

எது எதில் போக வேண்டும்? கோடாலித் தைலம், வாசனைத் திரவியம், ஊறுகாய், நெய், தடவிச் சாப்பிடும் சாக்லேட் எல்லாம் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியானால் பெட்டிக்குள். தைலப் புட்டிகளை மூடியில் ஒட்டு நாடா சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைப் பழைய துண்டில் சுருட்டி நடுவில் வையுங்கள். ஒரு புட்டி கசிந்தாலும் அந்தப் பெட்டித் துணியெல்லாம் ஆறு மாதம் தலைவலி மருந்து வாசனை அடிக்கும். சுவிஸ் கத்தி பெட்டிக்குள். சாக்லேட்டையும் துணிகளுக்கு நடுவில் வையுங்கள், அங்கே உருகாதது திருச்சியில் வேன் கூரையில் உருகும்.

பவர் பேங்க் மட்டும் நேர் எதிர். பெட்டிக்குள் போடவே கூடாது, கைப்பையில்தான். 100 வாட்–மணி வரை தடையில்லை. மேலே மில்லி ஆம்பியர் மட்டும் எழுதியிருந்தால் அதை 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்றால் 74, பிரச்சினை இல்லை. எழுத்து அழிந்து எதுவும் படிக்க முடியாமல் இருந்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஓட்டல் அறையில் எதையாவது விட்டுவிடுகிறோம். போன முறை என் மாமனாரின் வேட்டி. — வாசகி, பாபநாசம்

வேட்டி போவதில் ஆச்சரியம் இல்லை. வெள்ளை விரிப்பு, வெள்ளைப் போர்வை, அதன் மேல் வெள்ளை வேட்டி. படுக்கைமேல் உள்ளதை எல்லாம் உருவிக் காலடியில் குவித்து உதறிப் பார்த்தால்தான் தெரியும். அறையை விடும் முன் வலப்பக்கச் சுவரிலிருந்து தொடங்கிச் சுற்றி வாருங்கள்: அலமாரி, பாதுகாப்புப் பெட்டகம், மேசை இழுப்பறை, சுவர் பிளக், கட்டிலுக்கு அடியில், குளியலறைக் கதவின் பின்புறக் கொக்கி, கடைசியாகக் குளிர்பெட்டி. இன்சுலின் வைத்திருப்பவர்கள் குளிர்பெட்டியை மறப்பதுதான் பெரிய ஆபத்து. பெட்டகத்தில் பாஸ்போர்ட்டும் நகையும் வைத்தால் கூடவே காலையில் போடுகிற செருப்பில் ஒன்றையும் உள்ளே வையுங்கள். ஒற்றைச் செருப்போடு யாரும் கிளம்ப முடியாது. பல் செட்டைக் காகிதக் கைக்குட்டையில் மடித்து வைக்கும் பழக்கத்தை அன்று மட்டும் விட்டுவிடுங்கள். குப்பை என்று தூக்கிப்போடுவது அறை சுத்தம் செய்பவர்கூட அல்ல, அவசரத்தில் நாம்தான்.

கோச்சிலும் இதேதான். முன் இருக்கையின் வலைப்பை, தலைக்கு மேல் தட்டு, இருக்கைக்கும் சன்னலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு. டிக்கிக்கு ஒரே வழி எண்ணிக்கை. ஓட்டல் வாசலில் 41 பெட்டி என்றால் ஏற்றும்போது 41, விமான நிலையத்தில் இறக்கும்போது 41. எண்ணுகிற வேலையை மூன்று இடத்திலும் ஒரே ஆளிடம் விடுங்கள். ஆள் மாறினால் கைப்பையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதிலேயே கணக்கு உதைக்கும்.

மலேசிய ஓட்டல்களில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. தொகுப்பில் அடங்கியதா என்று முன்பே கேளுங்கள். அறையில் மின்குக்கர் வைத்துப் புகை எச்சரிக்கை மணி அடித்துவிட்டால் வரும் அபராதத்தையும் கடைசிக் காலையில்தான் நீட்டுவார்கள்.

ஓட்டுநருக்கும் டூர் மேனேஜருக்கும் எவ்வளவு கொடுப்பது? — வாசகர், நாகப்பட்டினம்

முதலில் தொகுப்புத் தாளைப் படியுங்கள். பல ஏற்பாட்டாளர்கள் டிப்ஸை முன்பணத்தோடு வாங்கிவிடுகிறார்கள். வாங்கவில்லை என்றால் ஐரோப்பாவில் ஓட்டுநருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு யூரோ என்பது குழுக்களில் பழக்கம். கோச்சுக்குள் தட்டு ஏந்தக் கூடாது. முந்தின இரவே ஒருவர் வசூலித்து, நோட்டாக மாற்றி, உறையில் போட்டு, பெட்டிகள் இறங்கிய பிறகு கையில் கொடுப்பது மரியாதை. ஒரு கிலோ சில்லறையைத் தருவது கொடுக்காமல் இருப்பதைவிட மோசம்.

மீந்த பணத்தை என்ன செய்வது? — வாசகர், பட்டுக்கோட்டை

நோட்டை ஊரில் மாற்றலாம். நாணயத்தை எந்த மாற்றுநிலையமும் வாங்காது. ஆகவே கடைசி இரண்டு நாள் நாணயத்தில் செலவு செய்யுங்கள். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் கழிவறைக்கே காசு வேண்டும். ஜெர்மனியில் பல இடங்களில் ஒரு யூரோ வாங்கிக்கொண்டு அதே மதிப்புக்குக் கூப்பன் தருவார்கள், அதைக் கடையில் கழித்துக்கொள்ளலாம். கிழித்துப்போடாதீர்கள். சுவிஸ் பிராங்க் அந்த நாட்டோடு முடித்துவிடுவது நல்லது. ஊர் திரும்பியதும் 2,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டுகளை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. அதற்கு மேல் இருப்பதை 180 நாளுக்குள் வங்கியிலோ அனுமதி பெற்ற மாற்றுநிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் இரண்டு சவரன் சங்கிலி வாங்கலாமா? ஆளுக்கு 40 கிராம் வரை வரி இல்லை என்கிறார்களே. — வாசகி, சீர்காழி

பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் என்ற சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருந்து திரும்புகிறவர்களுக்கு. ஆறு நாள் சுற்றுலா போனவருக்கு அது பொருந்தாது. சொன்னவர் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய உறவினராக இருப்பார். அவருக்கு அது சரி, உங்களுக்கு இல்லை. வாங்கினால் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே இறங்கியதும் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய் அறிவித்து வரி கட்டுங்கள். கழுத்தில் போட்டுக்கொண்டு பச்சை வழியில் நடந்தால் நகையும் போய் அபராதமும் வரும்.

கல்யாண நகையோடு இங்கிருந்து கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. போகும்போதே விமான நிலையச் சுங்கத்தில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், திரும்பும்போது "இது எங்கே வாங்கியது" என்ற கேள்விக்குத் தாளே பதில் சொல்லும். உள்ளதில் நல்ல யோசனை, நகையைப் பீரோவில் வைத்துவிட்டுப் போவது.

முட்டிவலி உள்ள மாமியாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும். பாஸ்போர்ட்டையெல்லாம் டூர் மேனேஜரே வைத்துக்கொள்ளலாமா? — வாசகி, திருவாரூர்

நாற்காலியை விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் பதிந்து வையுங்கள். கூட ஒருவரைத்தான் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அந்த ஒருவர் மாமியாரின் மருந்தும் பாஸ்போர்ட்டும் வைத்திருப்பவராக இருக்கட்டும்.

பாஸ்போர்ட் கடைசி நாள் காலையிலிருந்து அவரவர் உடம்போடு இருக்க வேண்டும். 36 பாஸ்போர்ட் ஒரு பையில் இருந்து அந்தப் பை தொலைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஷெங்கன் நாடுகளில் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முத்திரைக்குப் பதில் முகப்படமும் கைரேகையும் பதியும் முறை வந்திருக்கிறது. வெளியேறும்போதும் ஒவ்வொருவரும் தனித்தனியே முகம் காட்ட வேண்டும், வரிசையும் நீள்கிறது. பாஸ்போர்ட்டைக் கோச்சில் விட்டுவிட்டால், வண்டி எண்ணும் ஓட்டுநரின் கைப்பேசி எண்ணும் உங்களிடம் இருந்தால் அரை மணியில் திரும்பக் கிடைக்கலாம். உண்மையிலேயே தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார், பிறகு இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ். அது இந்தியா திரும்ப ஒரு வழிக்கு மட்டும் செல்லும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் விசாப் பக்கமும் கைப்பேசியில் படமாக இருந்தால் அந்த வேலை பாதி குறையும்.

சென்னையில் இறங்கி அன்றிரவே மன்னை எக்ஸ்பிரஸில் ஏறலாம் என்றிருக்கிறோம். பெட்டி வராவிட்டால்? — வாசகர், நீடாமங்கலம்

மும்பையிலோ டில்லியிலோ இறங்கி உள்நாட்டு விமானத்தில் சென்னை வருகிறீர்களா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் குடிநுழைவும் சுங்கமும் முதலில் இறங்கும் ஊரிலேயே நடக்கும். பெட்டியை அங்கே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். வரியில்லாக் கடையில் வாங்கிய புட்டிகளை அங்கேயே பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள், உள்நாட்டுப் பாதுகாப்புச் சோதனையில் கைப்பையில் விடமாட்டார்கள். மது ஆளுக்கு 2 லிட்டர்தான்.

பெட்டி வரவில்லை என்றால், சுங்கத்தைத் தாண்டி வெளியே வரும் முன் பெல்ட் அருகிலுள்ள விமான நிறுவன மேசையில் புகார் எழுதிப் பதிவு எண் வாங்குங்கள். போர்டிங் பாஸில் ஒட்டிய பெட்டிச் சீட்டு அப்போது கட்டாயம் வேண்டும். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் வந்து சேர்ந்த 21 நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும். விலாசத்தில் ஊர் பெயரோடு தாலுகா, மாவட்டம், பின்கோடு எல்லாம் எழுதுங்கள். பெட்டி எந்த ஊருக்குப் போகிறது என்று அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

ரயிலுக்கு விமானம் இறங்கும் நேரத்திலிருந்து குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள். விமானம் தாமதமாகி ரயில் போய்விட்டால் உறுதியான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. அந்த அளவு இடைவெளி இல்லையென்றால் மறுநாள் காலைச் சோழன் எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்வது உத்தமம். கும்பகோணம், தஞ்சை வரை அதிலேயே வந்து நீடாமங்கலத்துக்குப் பேருந்து மாறலாம். 36 பேராக வருகிறீர்கள் என்றால் திருச்சிக்கே விமான டிக்கெட் எடுத்து, அங்கிருந்து பேருந்து அமர்த்திக்கொள்வது செலவிலும் பெரிதாகக் கூடாது. பேருந்துக்காரரிடம் 41 பெட்டி என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.